பிள்ளையின் முன்கை முறிந்தால்: தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கை முறிந்த பிள்ளைகளும் வரத் தொடங்கிவிடுவார்கள். ரம்புத்தான் மரம், மழையில் பாசி பிடித்த கால்வாய் ஓரம், அண்ணனின் சைக்கிள் பின்பக்கம், திடலில் இருக்கும் தொங்கு கம்பி என்று விழும் இடம்தான் மாறும். விழும் விதம் ஒன்றுதான். முகத்தைக் காப்பாற்றக் கையை நீட்டி ஊன்றுவார்கள். உடம்பின் எடை முழுக்க உள்ளங்கை வழியாக முன்கைக்கு ஏறும். அங்கே இரண்டு எலும்புகள்: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. பிள்ளைகளுக்கு உடம்பில் அதிகம் முறியும் இடமே முன்கைதான், அதிலும் மணிக்கட்டை ஒட்டிய பகுதி.

அரசு மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்பில், டோவன்பி, ஹீவூட் தோட்டங்கள் பக்கத்திலிருந்து இன்னும் யாராவது கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: "அண்ணே, பையன் கை வீங்கியிருக்கு, என்ன செய்யட்டும்?" முதல் முறையாக இப்படி மாட்டிக்கொள்ளும் பெற்றோருக்குத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை எலும்பு மிக வேகமாகக் கூடும். பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் ஆவது பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் ஆகிவிடும். ஆனால் கோணலாக விட்டுவிட்டால் கோணலாகவும் அதே வேகத்தில் கூடிவிடும். அதனால் முதல் வாரத்தை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

விழுந்த இடத்திலேயே செய்ய வேண்டியது

பிள்ளையை உட்கார வையுங்கள். தலையில் அடி, மயக்கம், வாந்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கை அதற்கு அப்புறம்தான். தலையில் பலத்த அடி, அல்லது உயரத்திலிருந்து விழுந்து கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் அசைக்காமல் 999-ஐ அழையுங்கள்.

கை வளைந்திருந்தால் நேராக்கப் பார்க்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே தாங்கிப் பிடியுங்கள். மடித்த செய்தித்தாள், அட்டைப் பெட்டித் துண்டு, சிறு தலையணை, எது கிடைத்தாலும் முன்கைக்கு அடியில் வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். மணிக்கட்டும் முழங்கையும் இரண்டுமே அசையாமல் இருக்க வேண்டும். அம்மாவின் துப்பட்டாவோ துண்டோ கழுத்தில் தொங்கவிட்டால் தூளி ஆகிவிடும். வளையல், காப்பு, மோதிரம், கயிறு எல்லாவற்றையும் வீக்கம் ஏறும் முன்பே கழற்றிவிடுங்கள். கோயில் கயிற்றை வெட்ட மனம் வராது என்று எனக்குத் தெரியும். வெட்டிவிடுங்கள், கை ஆறியதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம், நேராகத் தோலில் வேண்டாம். வலிக்குப் பாராசெட்டமோல் கொடுக்கலாம். அளவு உடல் எடைக்கு ஏற்ப: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் வரும். புட்டியைப் படிக்காமல் "ஒரு கரண்டி" என்று கொடுப்பதுதான் வழக்கமான தவறு. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மருந்துக்கு ஒரு வாய் தண்ணீர் போதும். அழுகையை நிறுத்த மைலோவும் ரொட்டியும் கொடுத்துவிடாதீர்கள். எலும்பை நிமிர்த்த மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால், சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். அந்த ரொட்டிக்காகப் பிள்ளை இரவு வரை வலியோடு காத்திருக்க நேரலாம்.

தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ எலும்பு தெரிந்தாலோ சுத்தமான துணியால் மூடிவிட்டு உடனே கிளம்புங்கள். உள்ளே தள்ளக் கூடாது, மஞ்சளோ காப்பித்தூளோ வைக்கக் கூடாது. காயம் ஊசி முனை அளவு சிறியதாக இருந்தாலும், முறிந்த எலும்புக்கு மேலே இருந்தால் அது திறந்த முறிவாக இருக்கலாம். அதற்கு நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து சீக்கிரம் ஏற வேண்டும்.

உருவி விடலாமா?

கூடாது. பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். "வெறும் சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவினா சரியாயிடும்." வளரும் பிள்ளையின் மணிக்கட்டில் தசைநாரைவிட எலும்பும், எலும்பு நீளும் இடமான நுனிப்பக்க வளர்ச்சித் தட்டும்தான் பலவீனமான இடம். பெரியவர்களுக்குச் சுளுக்கில் முடியும் விழுகை பிள்ளைக்கு முறிவில் முடியும். விரலை அசைக்க முடிகிறது என்பதற்காக முறியவில்லை என்றும் ஆகாது. முறிந்த கையிலும் விரல் அசையும்.

சின்சே எனும் சீன வைத்தியரிடமோ எலும்பு கட்டுபவரிடமோ போய் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவது இதைவிட மோசம். முன்கைத் தசைகள் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. முறிந்த கை உள்ளே வீங்கும்போது வெளியே இறுகக் கட்டினால் ரத்தம் ஓட வழியில்லாமல் போகும். சில மணி நேரத்தில் தசை செத்துப்போய், கை கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிடும். இறுகிய கட்டுக்குப் பிறகு இப்படி ஆவதை ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881-லேயே எழுதி வைத்தார். இன்றும் அந்த நிலைக்கு அவர் பெயர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. முறிவு வளர்ச்சித் தட்டில் இருந்தால், ஒரு வாரம் கழித்து அதை இழுத்து நிமிர்த்துவதே அந்தத் தட்டைக் கெடுக்கலாம். உருவிப் பார்த்துவிட்டுப் பத்தாம் நாள் மருத்துவமனைக்கு வந்தால், டாக்டர் தொடாமல் விட்டுவிட வேண்டியதாகிவிடும். அப்போது அவர் மீது கோபித்துப் பயனில்லை.

எங்கே போவது, என்ன கொண்டு போவது

சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே முதலில் போகலாம். எக்ஸ்ரே எடுத்து, தற்காலிகக் கட்டுப் போட்டு, எலும்பு நிபுணர் பார்க்க வேண்டியதாக இருந்தால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கை கண்ணுக்கே தெரியும்படி வளைந்து, விரல்கள் வெளுத்தோ மரத்தோ போயிருந்தால், கவுண்டரில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து உட்கார வைப்பார்கள். பச்சையில் உட்கார்ந்திருக்கும்போது விரல் நிறம் மாறினால் எண்ணைக் கூப்பிடும்வரை காத்திராமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள். நம் ஆட்கள் கூச்சப்பட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது இந்த இடத்தில் வேண்டாம்.

மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போவதைத் தவிர்க்கப் பாருங்கள். செம்மண் ரோட்டின் ஒவ்வொரு குழியும் அந்தக் கையில் தெரியும். லயத்தில் யாரிடமாவது கார் இருக்கும், கேளுங்கள்.

மைகிட் எனும் பிள்ளையின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கிற்கு 5 ரிங்கிட். பிள்ளைக்குக் குடியுரிமைப் பத்திரம் இல்லை என்றால் கட்டணம் அதிகமாக வரும். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, அங்கே கேட்கலாம். பள்ளியில் விழுந்திருந்தால் மாணவர் காப்புறுதி உண்டா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

எப்படி விழுந்தான், எப்போது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று டாக்டர் இரண்டு மூன்று தடவை கேட்பார். நடக்கத் தொடங்காத கைக்குழந்தை என்றால் இன்னும் அழுத்திக் கேட்பார். அது உங்களைக் குற்றம் சாட்டுவதல்ல. பிள்ளை துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டிய கடமையை 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் மருத்துவர்களுக்கு விதித்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் பார்ப்பது

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு படம் எடுப்பார்கள். அதில் மணிக்கட்டும் முழங்கையும் தெரிய வேண்டும். முழங்கை இல்லாமல் படம் எடுத்திருந்தால் "முழங்கையும் பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அல்னா முறியும்போது சில சமயம் ரேடியஸின் தலை முழங்கை மூட்டிலிருந்து நழுவிவிடும். மிலான் நகர அறுவை மருத்துவர் மொண்டேஜியா 1814-ல் விவரித்த காயம் இது. முறிவு மட்டும் கண்ணில் பட்டு நழுவல் விடுபட்டுப் போனால், எலும்பு கூடும், முழங்கை மடங்காது. உடனே பிடித்தால் சரிசெய்வது சுலபம், மாதங்கள் கழித்துப் பெரிய அறுவை ஆகிவிடும்.

முறிவுகளில் லேசானது, ரேடியஸின் ஓரம் நசுங்கிப் புடைத்து நிற்பது. எலும்பு நகராது. சுமார் மூன்று வாரம் கழற்றிப் போடும் பட்டை போட்டால் போதும். 2022-ல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில் 965 பிள்ளைகளைப் பார்த்து, இந்த வகைக்கு வெறும் துணிப் பட்டையும் கெட்டிக் கட்டும் வலியில் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று கண்டார்கள். அதனால் "என் பிள்ளைக்கு ஏன் சிமெண்டு (மாவுக்கட்டு) போடவில்லை" என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

அடுத்தது பச்சைக் குச்சி முறிவு. பச்சைக் கொய்யாக் கிளையை வளைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் நார்நாராகப் பிளக்கும், மறுபக்கம் விடாமல் வளைந்து நிற்கும். பிள்ளை எலும்பில் ஈரமும் நெகிழ்வும் இருப்பதால் அப்படித்தான் முறிகிறது. இரண்டு எலும்பும் முழுதாக முறிந்து விலகுவது இதைவிடப் பெரிது. கடைசியாக வளர்ச்சித் தட்டு முறிவு. கனடாவின் சால்ட்டரும் ஹாரிஸும் 1963-ல் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். மணிக்கட்டில் அதிகம் வருவது இரண்டாம் வகை, பெரும்பாலும் நன்றாகவே ஆறும். ஆனாலும் கட்டு எடுத்த பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் வரை டாக்டர் வரச் சொன்னால் போய்விடுங்கள். வளர்ச்சி நின்றுவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

கொஞ்சம் வளைவாக இருக்கிறதே?

பெற்றோருக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். எக்ஸ்ரேயில் எலும்பு லேசாக வளைந்து நிற்கும். டாக்டர் "பரவாயில்லை, சரியாகிவிடும்" என்பார். அவர் தட்டிக் கழிக்கவில்லை. வளரும் எலும்பு தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். ரேடியஸின் வளர்ச்சியில் சுமார் முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத் தட்டிலிருந்து வருவதால், முறிவு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்க இருக்க அது நன்றாக நிமிரும். எட்டு ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நடு முன்கையில் 15 பாகை (டிகிரி) வரை வளைவைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பத்து வயதுக்கு மேல் அந்தச் சலுகை குறையும். இன்னும் சில வருடமே வளர்ச்சி பாக்கி இருக்கும் பிள்ளைக்கு இன்னும் குறைவு. எலும்பு முறுக்கிக்கொண்டு கூடினால் மட்டும் அது தானாகச் சரியாவது அரிது. உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப முடியாமல் போகும். அதனால் "எத்தனை பாகை? முறுக்கு இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் இருப்பார்.

நிமிர்த்துவது

வளைவு அளவுக்கு மேல் இருந்தால் மயக்க மருந்து கொடுத்து, அறுக்காமல், கையால் இழுத்து நிமிர்த்துவார்கள். அவசரப் பிரிவிலேயே செய்தால் பல இடங்களில் கெட்டமின் கொடுப்பார்கள். அந்த மருந்தில் பிள்ளை கண்ணைத் திறந்தபடி இருக்கும், கருவிழி ஆடும், ஏதாவது முனகும். பார்த்துப் பயந்துவிடாதீர்கள், வலி தெரியாது, பிறகு நினைவும் இருக்காது. தெளியும்போது வாந்தி எடுக்கலாம். பார்க்கத் தாங்காது என்றால் வெளியே நில்லுங்கள். மயங்கி விழும் அப்பாவைத் தூக்குவது எங்களுக்கு இரண்டாவது வேலை.

பிறகு சிமெண்டுக் கட்டு. நடு முன்கை முறிவுக்குப் பெரும்பாலும் முழங்கைக்கு மேல் வரை போவார்கள். வீக்கம் இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, மறுபக்கம் துணியாகப் போட்டு, வீக்கம் வடிந்ததும் முழுக் கட்டாக மாற்றுவதும் உண்டு.

நிமிர்த்தியும் நிற்கவில்லை, திறந்த முறிவு, அல்லது வளர்ந்த பிள்ளை என்றால் அறுவை. எலும்பின் உள்ளே வளையும் மெல்லிய கம்பி செலுத்துவது பிள்ளைகளுக்கு வழக்கமானது. பிரான்சின் நான்சி நகரில் உருவான முறை. தழும்பு சிறியது. எலும்பு நன்றாகக் கூடியபின், சுமார் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் கம்பியை எடுக்க இன்னொரு சிறு அறுவை வரும். கம்பிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு இரவுகள்

இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. கட்டுப் போட்ட கையை இரண்டு மூன்று நாளைக்கு நெஞ்சுக்கு மேல் உயரத்தில் வையுங்கள். படுக்கும்போது தலையணை மேல். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெள்ளை போய்ச் சிவப்பு இரண்டு விநாடியில் திரும்ப வேண்டும்.

மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போவது, நீங்கள் விரலை மெல்ல நீட்டினாலே பிள்ளை அலறுவது, விரல் வீங்கி வெளுப்பது, நீலமாவது, மரத்துப்போவது. இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்காதீர்கள். சின்னப் பிள்ளை மரத்துப் போகிறது என்று சொல்லாது. அடங்காமல் அழும், யாரிடமும் தங்காது, வலி மருந்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும். இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய் "கட்டு இறுக்கம்" என்று சொல்லுங்கள். கட்டையும் உள்பஞ்சையும் பிளந்து பார்ப்பார்கள். ஒன்றும் இல்லாமல் திருப்பி அனுப்பினால் நல்லதுதான்.

மறுவார எக்ஸ்ரே

வலி போய்விட்டது, பிள்ளை ஓடுகிறான், ஒரு நாள் சம்பளம் போகும், ஈப்போவுக்கு எதற்கு என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். வீக்கம் வடிந்ததும் கட்டு தளரும், எலும்பு நகரும். இது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் நடக்கும். ஏழு முதல் பத்து நாளில் எடுக்கும் படத்தில் தெரிந்தால் மறுபடி நிமிர்த்தலாம். நான்கு வாரம் கழித்து வந்தால் எலும்பு கூடிவிட்டிருக்கும். தவறவே விடக்கூடாத தேதி இது ஒன்றுதான்.

கட்டோடு நாட்களைக் கழிப்பது

மணிக்கட்டு என்றால் மூன்று நான்கு வாரம், நடு முன்கை என்றால் ஆறு வாரம் போல. மாவுக்கட்டு தொட்டுப் பார்க்கக் கெட்டியானாலும் முழுதாகக் காய ஒன்றிரண்டு நாளாகும்; அதுவரை மேசை விளிம்பில் அழுத்த வேண்டாம். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையால் மூடி, வாய்ப்பக்கத்தைக் கட்டி, கையை வெளியே நீட்டச் சொல்லுங்கள். நனைந்து கூழாகிவிட்டால் வெயிலில் காய வைக்காமல் மாற்றிக்கொள்ளப் போங்கள்.

அரிப்பு வரும். லீடி விளக்குமாற்றுக் குச்சி, சாத்தே குச்சி, பென்சில், ரூலர் எல்லாம் கட்டுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறோம். உள்ளே கீறல் விழுந்தால் புண்ணாகிச் சீழ் வைக்கும். மேலே தட்டிக் கொடுங்கள், அல்லது ஹேர் டிரையரில் குளிர்க்காற்று மட்டும் விடுங்கள். மைலோவோ சிராப்போ சிந்தினால் உடனே துடையுங்கள். எறும்பு உள்ளே போனால் பிள்ளை படும் பாடு சொல்லி முடியாது. துர்நாற்றம், காய்ச்சல், கசிவு வந்தால் மருத்துவமனை.

ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கொடுங்கள், பிள்ளை விரும்பிக் குடித்தால். அதனால் எலும்பு ஒரு வாரம் முன்னதாகக் கூடிவிடாது. பால், முட்டை, நெத்திலி, பருப்பு, கீரை, கொஞ்ச நேரம் காலை வெயில் இவை போதும்.

பள்ளிக்கு இரண்டொரு நாளில் அனுப்பிவிடலாம். எழுதும் கை என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சட்டையின் ஒரு கையைத் தையல் பிரித்துவிட்டால் போட்டுக் கழற்றுவது எளிது.

கட்டு எடுத்த பிறகு

வெட்டும் கருவியின் சத்தத்துக்குத்தான் பிள்ளைகள் அலறுவார்கள். அதன் தகடு சுழலாது, அதிர்ந்து வெட்டும். தோலை அறுப்பது அரிது. சூடாகலாம், சுடுகிறது என்று சொன்னால் நிறுத்தச் சொல்லலாம். கை மெலிந்து, தோல் செதிலாக, முடி அதிகமாகத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள். தடவுவது மட்டும்தான். இழுத்து உருவுவதற்கு அப்போதும் இடமில்லை. விறைப்பு, பிள்ளை தன் போக்கில் சாப்பிட்டு, எழுதி, விளையாடும்போதே விடும்; உள்ளங்கையை மேலே திருப்புவதுதான் கடைசியாக வரும். ஒன்றிரண்டு மாதத்திலும் வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடு முன்கை முறிவு அதே இடத்தில் மறுபடி முறியும் வாய்ப்பு முதல் ஆறு மாதத்தில் அதிகம், பச்சைக் குச்சி முறிவுக்கு இன்னும் அதிகம். நடக்கலாம், பள்ளிப் படியேறலாம், பந்தைக் காலால் தனியே தட்டலாம். கபடி, சிலம்பம், காற்பந்து ஆட்டம், சைக்கிள், மரம் ஆகியவற்றுக்குக் கட்டு எடுத்ததிலிருந்து குறைந்தது ஆறு வாரம் பொறுக்க வேண்டும். முறிவைப் பொறுத்து மூன்று மாதம் என்றும் சொல்வார்கள். தேதியை டாக்டரிடமே எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது பையன் சொல்வதை ஆசிரியர் நம்பிவிடுவார்.